பஸ்ராவின் ஐந்து பட்டை நட்டு

கருங்கல் சந்தையிலிருந்து கடியப்பட்டணம் கடற்கரை வரைக்கும் இருந்த மனிதர்களின் பொறாமையை எல்லாம் வழித்தெடுத்துத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மற்றத் தட்டில் பஸ்ராவை உட்கார வைத்தால், பஸ்ரா உட்கார்ந்த தட்டுதான் தரையைத் தொடும். இத்தனைக்கும் ஆள் நல்ல ஒல்லி.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயரை அவருடைய மனைவியே மறந்துபோயிருந்தாள். முதல் யுத்தத்தின்போது மெசபடோமியாவுக்குப் போய், பஸ்ரா என்ற ஊரில் பட்டாளத்து லாரிகளுக்குச் சக்கரம் மாட்டிவிட்டுத் திரும்பியவர். அந்த ஊரின் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது. அதற்குக் காரணம் அவர் வாய்தான். மழை பெய்தால், "இதெல்லாம் ஒரு மழையா? பஸ்ராவுல..." என்று ஆரம்பிப்பார்.

"பஸ்ராவுல மழை பெய்யுமா மேஸ்திரி?" என்று யாராவது கேட்டால், "பெய்யாது. அதையாக்கும் நான் சொல்ல வந்தது" என்பார்.

அவர் கொல்லத்தையே தாண்டியதில்லை என்று சொன்னவர்களும் உண்டு. எனக்குத் தெரியாது. நான் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கருங்கலில் இருந்த அவருடைய மோட்டார் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்தவன். இதெல்லாம் திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சி நடந்த காலம். மோட்டார் வண்டி ஒன்று போனால் சந்தையில் கிழங்கு விற்கிறவர்கள் கிழங்கை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்த காலம்.

பஸ்ராவின் பொறாமைக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. எங்கள் சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஜனம். எல்லாரும் தலை குனிந்து நடக்கிறோம். என் பக்கத்தில் நடந்த பஸ்ரா மட்டும் கழுத்தை நீட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கொடுத்து வச்சவன்லே" என்றார் மெதுவாக.

"ஆமா மேஸ்திரி. ஆண்டவருக்கிட்ட போயாச்சி."

"அது கிடக்கட்டு. கூட்டத்தப் பாத்தியா? தக்கலையில இருந்தெல்லாம் வந்திருக்கினும்."

மறுநாள் பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "நான் செத்தா நீரு வருவீரா, வரமாட்டீரா? இப்பவே சொல்லிப்போடும்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்த ஒரு டிரைவர் பயந்துபோய்ச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை போதகர் ஞாயிறு ஆராதனையில், பஸ்ராவின் அடுத்த வீட்டுக்காரருடைய நோயாளிப் பசுவுக்காகவும் இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் போதகரை மறித்துக்கொண்டார் பஸ்ரா.

"ஐயரே, ஒரு சந்தேகம். மாட்டுக்கு ஜெபம் உண்டுமா?"

"ஏழைக்கு அதுதானே ஆதாரம்?"

"சரி. எனக்கு ரெண்டு மாசமா முதுகு வலி. நான் பாலும் கறக்கல்ல, அதுதான் எனக்குக் குறை."

அடுத்த ஞாயிறு போதகர் முதுகு வலிக்காரர்கள் அனைவருக்காகவும் பொதுவாக ஜெபித்தார். பஸ்ராவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "இந்த ஊர்ல எத்தன பேருக்கு முதுகு இருக்கு! கர்த்தர் எந்த முதுகுன்னு கண்டுபிடிப்பாரு?"

சிதறால் மலைக்கு ஒருமுறை அவரோடு ஏறியிருக்கிறேன். பாறையில் வெட்டிய சிலைகளுக்கு முன்னால் எல்லாரும் கைகட்டி நிற்க, அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "எந்தக் காலத்துலயோ எவனோ உளி வச்சி வெட்டினான். இண்ணும் மலை ஏறி வந்து பாக்கினும். நான் போன வாரம் ஒரு கிளச்சு செய்து போட்டேன். பாக்க எவனாவது வந்தானா?" என்று கேட்டுவிட்டுச் செங்குத்தான பாதையில் கோபமாக இறங்கினார்.

எனக்கும் அவர்மேல் பொறாமை உண்டு. நான் பேசத் தெரியாதவன். வார்த்தை தொண்டை வரை வரும், அங்கே உட்கார்ந்துகொள்ளும். பட்டறையில் நான் லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்வேன். என் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஸ்ரா வெளியே நின்று பஸ்ரா கதை சொல்வார். லாரிக்காரர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். கருங்கலில் பலருக்கு என் காலைத்தான் அடையாளம் தெரியும். குளத்தில் குளிக்கப் போனால், "ஓ, நீ பஸ்ராவுக்க பட்டறையா?" என்று காலைப் பார்த்துக் கேட்பார்கள். "மிண்டாப்பூனை" என்று பஸ்ரா எனக்கு வைத்த பெயரும் பரவிவிட்டது. மிண்டாமல், அதாவது வாய் திறக்காமல், இருக்கிற பூனை. ஒரே ஒரு நாளாவது அவரைப் போலப் பேச வேண்டும் என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் பஸ்ராவின் பொறாமைகளுக்கெல்லாம் ராஜாவாக ஒரு பொறாமை இருந்தது. அது தக்கலையில் பட்டறை வைத்திருந்த ஒருவர் மேல். அவரைத் "தக்கலைக்காரன்" என்றுதான் சொல்வார். தக்கலைக்காரரிடம் இரும்பு கடைகிற லேத்து யந்திரம் இருந்தது. பஸ்ராவிடம் இருந்தவை அரம், உளி, சுத்தியல், கையால் சுற்றித் துளை போடும் டிரில், அப்புறம் நான். தக்கலைக்காரர் பழுது பார்த்த பஸ் எங்கள் பட்டறையைத் தாண்டிப் போனால் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்பார். "இருமுது. கேட்டியா? இருமுது. தக்கலைக்காரன் கை வச்ச வண்டிக்கு நெஞ்சுல சளி" என்பார். பஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் கடியப்பட்டணத்திலிருந்து அந்தோணி வந்தார்.

அந்தோணி வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் மேற்குக் கடல் வெறி பிடித்தது போல அடிக்கும். வள்ளங்களை இழுத்துத் தென்னைக்கு அடியில் போட்டுவிட்டு, கரை முழுவதும் மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அந்தோணிக்கு ஒரு யோசனை. கன்னியாகுமரி முனையைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போனால் கடல் சாதுவாக இருக்கும்; மீனும் உண்டு. கடல் வழியாக முனையைச் சுற்றிப் போக முடியாது. தரை வழியாக வள்ளத்தைக் கொண்டுபோனால்?

அதற்காக ஒரு படகு வண்டி செய்வித்தார். தோட்டத் துரை ஒருவர் தூக்கிப்போட்ட பழைய காரின் அச்சு, அதில் இரண்டு காற்றடைத்த டயர் சக்கரம், மேலே வள்ளம் உட்காரும் மரச்சட்டம், முன்னால் இரண்டு காளை. கடற்கரையில் எல்லாரும் சிரித்தார்கள். வண்டி ஓடியதும் சிரிப்பு நின்றது. "வள்ளத்துக்குப் பல்லக்கு கெட்டியாச்சி, இனி மீனுக்கு மெத்தை போடுவான்" என்று வயிறெரிந்தார்கள். அந்த விஷயத்தில் பஸ்ரா ஒன்றும் தனி ஆள் இல்லை.

வண்டியில் ஒரே ஒரு வில்லங்கம். வள்ளத்தை இறக்குவதற்காகக் கடலுக்குள் தள்ளும்போதெல்லாம் உப்புத் தண்ணீரும் மணலும் சக்கரத்தின் குடத்துக்குள் போய்விடும். சக்கரத்தைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். அந்தச் சக்கரமோ போல்ட் போட்டு முடுக்குகிற வகை. குடத்தில் வெறும் துளைதான் இருக்கும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்துத் துளையும் குடத்துத் துளையும் நேராக வரும்வரை ஆட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைக்குள் போல்டை விட்டுத் திருக வேண்டும். உப்பு ஏறி ஒரு போல்ட் உள்ளேயே முறிந்தும்விட்டது.

அந்தோணியோடு அவர் மனைவி பிலோமினாவும் பட்டறைக்கு வந்திருந்தாள். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற குரல். பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்த சங்கிலிகள் அதில் லேசாக அசைந்தன.

"மேஸ்திரி, இந்தச் சக்கரத்த எனக்க முட்டுல தூக்கி வச்சோண்டு நிப்பேன். இந்த மனுஷன் அடியில கிடந்து துளைய தேடுவாரு. கிடைச்சா, கிடைச்சாம்பாரு, போல்ட்டு மணல்ல விழும். பொறவு ரெண்டு பேருமா மணல அரிக்கணும். கல்யாணத்துக்குப் பொறவு நாங்க சேந்து செய்த சோலி இது ஒண்ணுதான்."

அந்தோணி எங்கேயோ பார்த்தார்.

பஸ்ரா வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கைச் சுளித்தார். "இது எவன் செய்தது?"

"தக்கலைக்காரரு."

பஸ்ராவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கிறிஸ்துமஸ் காலையில்கூடப் பார்த்ததில்லை.

"அதுதானே பாத்தேன்! எலே மிண்டாப்பூனை, வந்து பாரு. லேத்து வச்சிருக்கானாம் லேத்து! ஓய் அந்தோணி, உமக்கு நான் ஸ்டட் வச்சித் தாரேன். சுவத்துல ஆணி அடிச்சி சட்டைய தூக்கிப் போடுவீரா மாட்டீரா? அதுபோல. குடத்துக்குப் பின்னால இருந்து நாலு ஆணி முன்னுக்கு நீட்டோண்டு நிக்கும். அது ஆடாது, அசையாது. சக்கரத்த அதுல தூக்கி மாட்டினா தொங்கோண்டு கிடக்கும். பொறவு சாயா குடிச்சிட்டு வந்து நட்டு போடலாம். பஸ்ராவுல ஒரு ஒட்டகம் இப்பிடிச் சக்கரம் மாட்டி நான் பாத்திருக்கேன்."

"ஒட்டகமா?" என்றாள் பிலோமினா.

"பழகின ஒட்டகம்."

வேலை ஆரம்பித்தது. பஸ்ராவை நான் குறை சொல்ல மாட்டேன். பொறாமை அவர் கைக்குள் இறங்கினால் பிரமாதமாக வேலை செய்வார். முறிந்த போல்டைத் துளைத்து எடுத்தோம். குடத்தின் பழைய மரைகளை எல்லாம் அழித்துத் துளையைப் பெரிதாக்கினோம். முறிந்துபோன லாரி அச்சு ஒன்றை வெட்டி, ஒவ்வொரு ஸ்டட்டையும் அரத்தால் ராவி, மரை வெட்டி, பின்பக்கமாக உள்ளே அடித்து இறுக்கினோம். டிரில்லைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. வந்தவர்களிடம் பஸ்ரா, "கையாலே செய்யுதேன். யந்திரம் கிடையாது. யந்திரம் மனசு இல்லாதவனுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கை என்னுடையது.

ஸ்டட் முடிந்ததும் நட்டு. சந்தையில் கிடைக்கிற ஆறு பட்டை நட்டை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. பஸ்ரா அந்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு கேட்டார்:

"இத மாட்டினா, தக்கலைக்காரனுக்க ஸ்பானர் இதுல கேறுமா கேறாதா?"

"கேறும் மேஸ்திரி. எல்லா ஸ்பானரும் கேறும்."

"அப்போ நாளைக்கு அவன் இத கழத்துவான். கழத்தி எனக்க வேலைய பாப்பான். பாத்து அவனும் நாலு வண்டிக்குச் செய்வான். பேரு அவனுக்கு."

அன்று முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. உட்கார்ந்து இரும்பை ராவினார். சாயங்காலம் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார். நட்டுக்கு ஐந்து பட்டை.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கம் இல்லை. எந்த ஸ்பானராலும் பிடிக்க முடியாது, வழுக்கிவிடும். போதாததற்குச் சக்கரத்தில் நட்டு உட்காரும் குழியையும் ஆழப்படுத்திவிட்டார், உளி வைத்து யாரும் அடித்துவிடக் கூடாது என்று. அதைத் திறக்க, குழாய் போல ஒரு ஐந்து பட்டை ஸ்பானரைக் கொல்லனின் உலையருகே உட்கார்ந்து அடித்து வாங்கினார். உலகத்தில் அது ஒன்றுதான். அதைத் தம் காக்கி நிக்கரின் இடுப்பு வாரில் செருகிக்கொண்டார்.

"இனி தக்கலைக்காரன் எனக்க கிட்ட வந்து கேக்கணும். மேஸ்திரி, ஸ்பானர் ஒண்ணு தாருமேன்னு கேக்கணும்."

வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். வார்த்தை வழக்கம்போலத் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

கிழக்குக் கரையில் ஒரு ஊர்த் தலைவர் அந்தோணிக்கு வள்ளம் ஏற்றிவைக்க இடம் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை: சனிக்கிழமை சூரியன் அடைவதற்குள் வள்ளம் அந்த மணலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் காத்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு. இடம் போனால் இந்த ஆடியும் கிழங்குதான். அந்தோணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிலோமினா சொல்லவே இல்லை; அதனால் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கடியப்பட்டணத்தில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. துணைக்குப் பஸ்ராவும் நானும் கூடப் போவதாக ஏற்பாடு. பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளித்து, காளைகளுக்கு ஒன்று, வள்ளத்துக்கு ஒன்று, அந்தோணி குடும்பத்துக்கு ஒன்று என்று ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ரா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் நின்றார். சாமியார் கடைசியாகச் சொன்னார்:

"இந்த நல்ல வண்டியைச் செய்து தந்த தக்கலைச் சகோதரனையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக."

எல்லாரும், "ஆமென்" என்றார்கள். ஒருவர் மட்டும் சொல்லவில்லை.

பஸ்ரா தொப்பியை மாட்டிக்கொண்டார். "தக்கலைக்காரனுக்க ஆசீர்வாதத்துலயே வண்டி போவட்டு" என்று என் காதருகே சொன்னார். தென்னைகளுக்கு நடுவே விறுவிறுவென்று போய்விட்டார். அந்தோணி அவரைத் தேடவில்லை, சூரியனைத்தான் பார்த்தார். வண்டிக்காரர் காளைகளை அதட்ட, அந்தோணியும் பிலோமினாவும் நானும் கூட நடக்க, வண்டி கிளம்பிவிட்டது.

சுசீந்திரம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஸ்டட் வைத்த சக்கரம் ஆடாமல் ஓடியது. அதைத் தாண்டிப் பனைகள் நிறைந்த ஒரு வெட்டவெளியில், வெடி வெடித்தது போல ஒரு சத்தம். காளைகள் துள்ளின. வலப்பக்க டயர் செத்த மீன் போலத் தரையில் பரந்து கிடந்தது.

"பேடிக்காண்டாம், வேற சக்கரம் இருக்கு" என்றார் அந்தோணி. வள்ளத்துக்குள் இருந்து சக்கரத்தை இறக்கினோம். ஜாக்கி வைத்துத் தூக்கினோம். அந்தோணி ஸ்பானரை நட்டில் வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. குனிந்து, குழிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன எளவு நட்டு? அஞ்சு மூலை இருக்கு!"

"அஞ்சு பட்டை ஸ்பானர் வேணும் அண்ணாச்சி."

"அது எங்க?"

"மேஸ்திரிக்க இடுப்புல."

"இடுப்பு எங்க?"

நான் வந்த வழியைக் கை காட்டினேன். பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அஞ்சு மூலை! எனக்கக் கெட்டியோனே, உமக்கு ஆறு மூலையில நட்டு கிடைக்கல்லியா? பட்டாளத்துக்குப் போனவன், போனவன்னு கூட்டியோண்டு வந்தீரே! அவன் பட்டாளத்த பூட்டிப்போட்டுத் திறவுகோலோட ஓடி வந்தவனாக்கும்!"

அந்தோணி உளியைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார்; போகவில்லை. கயிறு சுற்றிப் பார்த்தார், வழுக்கியது. பனை நிழல்கள் கிழக்குப் பக்கமாக நீள ஆரம்பித்திருந்தன. கருங்கலுக்கு ஆள் அனுப்பித் திரும்பி வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். பிலோமினா திடீரென்று பேச்சை நிறுத்தினாள். வள்ளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சும்மா நின்றாள். அவள் ஏசியதை விட அது பயமாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பருத்த பனை. அதன் ஒரு பக்கம் ஒரு சைக்கிளின் பின்சக்கரம் தெரிந்தது. மறுபக்கம் காக்கி நிக்கரின் ஓரம்.

மனிதர் கோபித்துக்கொண்டு போனவர், வாடகைச் சைக்கிள் எடுத்து, கடியப்பட்டணத்திலிருந்து எங்கள் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து மிதித்து வந்திருக்கிறார்! தம்முடைய சக்கரம் ஓடுவதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. இப்போது வெளியே வரவும் முடியவில்லை. யாராவது, "மேஸ்திரி" என்று கூப்பிட்டால் சைக்கிளில் ஏறிக் கருங்கல் போய்விடுவார்; தாம் அங்கே வரவே இல்லை என்று பைபிள் மேல் சத்தியமும் செய்வார். அவரை எனக்குத் தெரியும்.

அவரை வெளியே இழுக்க ஒரே ஒரு கயிறுதான் இருந்தது. அதை இழுக்க வேண்டுமானால் நான் பேச வேண்டும். அதுவும் பனை வரைக்கும் கேட்கும்படியாக. வள்ளத்தின் மேலிருந்த பிலோமினாவின் கையைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி! ஒண்ணும் கவலப்படாண்டாம்! இதுக்கான ஸ்பானர் தக்கலைக்காரருக்க கிட்ட உண்டு!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஒரு காளை திரும்பிப் பார்த்தது. பனை அசையவில்லை.

"தக்கலைக்காரரா?" என்றார் அந்தோணி.

"ஆமா! அவரு இந்த நட்ட ஒரு பார்வ பாத்தாரு! பாத்துட்டுச் சிரிச்சாரு! இது சின்னப் பிள்ளையளுக்க களிப்பாட்டம்னு பறஞ்சாரு! அரை மணி நேரத்துல இதுபோல பத்து ஸ்பானர் லேத்துல கடைஞ்சி..."

"கள்ளம்!" என்றது பனை.

பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "யேசுவே! பனை பேசுதே!"

பனைக்குப் பின்னாலிருந்து பஸ்ரா பாய்ந்து வந்தார். தொப்பி ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது. "கள்ளம்! பச்சக் கள்ளம்! அவனுக்க அப்பன் வந்தாலும் அஞ்சு பட்டைக்கு ஸ்பானர் கடைய ஒக்காது! எவன் சொன்னது, களிப்பாட்டம்னு? இஞ்ச பாரும் ஓய், இஞ்ச பாரும்! இது கேறும்! இது ஒண்ணுதான் கேறும்!" என்று இடுப்பிலிருந்து ஸ்பானரை உருவிக் குழிக்குள் விட்டு ஒரு திருகு. "வேற எவனுக்க ஸ்பானர் இப்பிடிப் பிடிக்கும்? சொல்லும்!" அடுத்த நட்டு. "இந்தப் பிடிய அவன் லேத்துல கடைவானா?" அடுத்தது. அவர் கோபம் முடிவதற்குள் நாலு நட்டும் கழன்று அவர் காலடியில் கிடந்தன.

வெடித்த சக்கரத்தை நானும் அந்தோணியும் இழுத்து எடுத்தோம். அதற்குள் பிலோமினா மாற்றுச் சக்கரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்டட்டுகளின் மேல் வைத்தாள். சக்கரம் அங்கேயே தொங்கியது. அவள் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் வந்து அதைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா!" என்றாள். "முட்டுல வைக்காண்டாம், மணல அரிக்காண்டாம். மேஸ்திரி, நீரு கொள்ளாம்!"

பஸ்ராவுக்கு அந்த நேரத்தில் அது காதில் ஏறவில்லை. நட்டுகளை முடுக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தக்கலைக்காரன் இத எப்ப வந்து பாத்தான்?"

"பாக்கல்ல மேஸ்திரி."

"சிரிச்சான்னு சொன்னியே?"

"சிரிக்கல்ல."

முதலில் சிரித்தவர் வண்டிக்காரர். பிறகு அந்தோணி. பிலோமினா சிரித்த சிரிப்பில் பனையிலிருந்து ஒரு காக்கை பறந்தது. பஸ்ரா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு, அதற்கு முன்னால் அவர் அவ்வளவாகப் பார்த்திராத என் முகத்தைப் பார்த்தார்.

"எலே, இது நீயே யோசிச்சதா? வேற யாராவது சொல்லித் தந்ததா?"

"நானே யோசிச்சது."

"அந்தச் சின்னப் பிள்ளையளுக்க களிப்பாட்டம்னு சொன்னியே, அதுவும்?"

"அதுவும்."

அவர் விழுந்து கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டவர் போன்ற குரலில் சொன்னார்: "எனக்கு இப்பிடி ஒண்ணு தோணல்லியே!"

சூரியன் அடைய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும்போது கிழக்குக் கரையை அடைந்தோம். இடத்துக்குக் காத்திருந்த இன்னொருவர் எங்களைக் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோனார். வள்ளம் மணலில் நின்றது. பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திரும்பியதும் முதல் வேலையாகப் பஸ்ராவின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது இனி வண்டியோட இருக்கும்" என்றாள். அவர் மறுத்துப் பேசாதது எனக்கு ஆச்சரியம். "தக்கலைக்காரன் கேட்டா குடுத்துராத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் தக்கலைக்காரரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டார். பட்டறைக்கு யார் வந்தாலும் லாரிக்கு அடியில் தெரியும் என் கால்களைக் காட்டி, "அந்தா கிடக்கானே, அவன ஊமைன்னு நினைக்காண்டாம். ஒரு நாள் வாயத் தொறந்தான், பனைக்குப் பின்னால நிண்ண மனுஷன் வெளிய சாடியாச்சி. பஸ்ராவுலகூட இப்பிடி ஒருத்தன் கிடையாது. எங்க இருந்துலே உனக்கு இந்தப் புத்தி வந்துது?" என்பார். சில நாள் காலையில் வந்ததும் வராததுமாக, "நானும் அதத்தான் நினைச்சேன், நீ முந்திட்டே" என்று, நான் ஒன்றுமே சொல்லாத விஷயத்துக்குச் சண்டை பிடிப்பார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

இப்போது எனக்கென்று சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. நல்ல பெயரும் இருக்கிறது. வருகிறவர்கள் நன்றி சொல்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், போகிறார்கள். இவனுக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லையே என்று என்னைப் பார்த்து வயிறெரிந்தவர் என் ஆயுளில் பஸ்ரா ஒருத்தர்தான். அந்த இடத்துக்கு இன்னும் வேறு ஆள் வரவில்லை.